ஒரே சங்கம், இரண்டு பொருளாளர்

நான் ஒருநாளும் பொருளாளராக இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓய்வுபெற்ற இந்த மூன்று வருடங்களுக்குள் நான்கு சங்கங்கள் என்னைப் பொருளாளராக வரும்படி கேட்டுவிட்டன. ஒரு ஊர் ஒன்றியம், ஒரு பழைய மாணவர் சங்கம், எங்கள் ஞாயிறு பூசைப் பாடகர் குழு, நான் எட்டியும் பார்த்திராத ஒரு கரப்பந்தாட்டக் கழகம். "வங்கியிலை இருந்தனீங்கள்தானே, உங்களுக்கு உது தண்ணிபட்ட பாடு" என்பார்கள். நான்கு பேருக்கும் முடியாது என்றேன். மூன்று பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். கரப்பந்துக்காரர் மட்டும் நின்று காரணம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் கொஞ்சம் நீண்டு இப்படியாகிவிட்டது.

இருபத்தாறு வருடங்கள் பிரெஞ்சுத் தலைநகரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்தேன். எங்கள் ஆட்களின் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக நடந்தால் ஐந்து நிமிடம். நான் அங்கே சேர்ந்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல, எங்கள் ஆட்களின் பெயர்கள். பிரெஞ்சுக்காரருக்குக் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. நமக்கோ தகப்பன் பெயர் முன்னால் வரும், பெண்சாதிக்குப் புருஷன் பெயர் பின்னால் வரும், அகதி அட்டையில் இரண்டும் இடம் மாறிவரும். அந்தக் கிளையில் மட்டும் பதினான்கு சிவகுமார்கள் இருந்தார்கள். ஒருவருடைய சம்பளம் இன்னொருவருடைய கணக்குக்குப் போய், அவர் அதைச் செலவழித்தும் முடித்த பிறகுதான், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியிருக்கிறது. முதல் வருடம் முழுவதும் சிவகுமார்களைப் பிரித்துவைத்தேன். பிறகு ஒரு பரீட்சை, ஆறு மாதப் பயிற்சி. அதன்பின் சங்கக் கணக்குகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன.

லாச்சப்பலைச் சுற்றி எத்தனை தமிழ்ச் சங்கங்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊருக்கு ஒன்று, சில ஊருக்கு வடக்கு தெற்கு என்று இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். தலைவருக்கு மாலை, செயலாளருக்கு ஒலிவாங்கி, பொருளாளருக்குக் காசோலைப் புத்தகம். மாலை அன்று மாலையே வாடிவிடும். ஒலிவாங்கியை யாராவது பறித்துவிடுவார்கள். ஆனால் பொருளாளர் கையெழுத்துப் போடாவிட்டால் சமோசாகூட வராது. அதனால்தான் தேர்தல் என்று வந்தால் மற்றப் பதவிகளுக்குக் கை தட்டுவார்கள், இந்தப் பதவிக்குக் கை நீட்டுவார்கள்.

இப்போது எல்லாம் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். எங்கள் காலத்தில் பொருளாளர் மாறினால் ஆள் நேரில் வரவேண்டும். பொதுக்கூட்டக் குறிப்பு, அதன் அடியில் தலைவரும் செயலாளரும் வைத்த கையெழுத்து, புதியவரின் அடையாள அட்டை, வீட்டு முகவரிக்கு அத்தாட்சி, பிரெபெக்தூர் என்ற அரச அலுவலகத்தில் பதிந்த சங்க யாப்பின், அதாவது விதிமுறைகளின், பிரதி. இவ்வளவும் இருந்தால் ஒரு மாதிரிக் கையெழுத்து அட்டை எடுத்துக் கொடுப்பேன். சிலர் தேர்தலுக்கு அடுத்த நாளே கோட் போட்டுக்கொண்டு வருவார்கள். சிலர் நான்கு மாதம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒருவர், பொதுக்கூட்டம் நடக்கும்போது காரை வேறிடத்தில் விடுவதற்காக வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். காருக்கு இடம் கிடைத்ததற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தாராம்.

என் மேலதிகாரி மதாம் மொரோ. நாட்டின் மேற்கோரம், பிரித்தானிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, நெடிய, ஒடிசலான பெண். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு காகிதத்தை மூன்று முறை வாசிப்பார். முதல் முறை மேலிருந்து கீழ். இரண்டாம் முறை கையெழுத்திலிருந்து மேலே. மூன்றாம் முறை விரலை வைத்துத் தேதிகளை மட்டும். பிறகு காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கொண்டுவந்த ஆளையே கேட்பார். பாதிப் பேர் அதிலேயே விழுந்துவிடுவார்கள். யாராவது சத்தம் போட்டால் மேசை இழுப்பறையிலிருந்து கிளெமந்தின் என்ற சின்னத் தோடம்பழம் ஒன்றை எடுத்து, தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரிக்கத் தொடங்குவார். உரித்து முடிவதற்குள் எந்தக் கோபக்காரனும் அடங்கிவிடுவான். அந்தச் சுருள் அறுந்துவிடுமோ என்று அவனுக்கே பதற்றம் வந்துவிடும். எங்கள் பெயர்களை அவரால் சொல்ல முடியாது. ஆனால் ஒருநாளும் சிரித்ததில்லை. ஒரு சின்னக் கொப்பியில் உச்சரிப்பை எழுதிவைத்து, ஆள் வரமுன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

இனி அந்த வழக்கைச் சொல்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர் மறுபடியும் தொடங்கிவிடுவார்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காத்திருக்கும் நாற்காலிகளில் இரண்டு பேர், நடுவில் ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டு இருந்தார்கள். ஒருவர் கனகலிங்கம். லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், ஒன்பது வருடமாகத் தன் ஊர் ஒன்றியத்துக்குப் பொருளாளர். மற்றவர் நேசராசா. ஒரு ஹோட்டலில் துணிச்சலவைப் பகுதிக்குப் பொறுப்பாளர். எந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டே கொண்டுவருவார். சங்கத்தின் பெயரைச் சொல்லி அழைத்தேன். இருவரும் எழுந்தார்கள்.

"நீர் ஏன் எழும்புறீர்?" என்றார் கனகலிங்கம்.

"என்னைத்தான் கூப்பிட்டவை," என்றார் நேசராசா.

இருவரும் ஆளுக்கொரு கூட்டக் குறிப்பை என் மேசையில் வைத்தார்கள். ஒரே சங்கம், ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பொருளாளர். ஒன்றில் தலைவரின் கையெழுத்து இருந்தது, செயலாளருடையது இல்லை. மற்றதில் செயலாளர் இருந்தார், தலைவர் இல்லை.

இருவரையும் மதாம் மொரோவின் அறைக்குக் கூட்டிப்போனேன். அவர் கிளெமந்தினை எடுத்தார். ஆளை ஆள் திருத்தியபடி இருவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான். எபினேயில் ஒரு மண்டபத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கையைச் சபையில் வாசிக்கச் சொல்லி நேசராசா கேட்டிருக்கிறார். தேநீருக்குப் பிறகு எல்லோருக்கும் பிரதி தருவேன் என்றிருக்கிறார் கனகலிங்கம். "ஏன், வாசிச்சால் வாய் வலிக்குமோ?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. கணக்கில் ஒரு சதமும் பிழையில்லை என்பதை நான் அறிவேன், மாதாமாதம் பார்ப்பவள் நான். வாயைப் பற்றித்தான் பேச்சு. பொருளாளர் தெரிவில் கைகளை மூன்று தரம் எண்ணி, மூன்று தொகை வந்திருக்கிறது. அதற்குள் மண்டபக் காவலாளி நேரமாகிவிட்டதென்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். ஒரு பகுதியினர் கார் தரிப்பிடத்தில் நின்றபடி கை உயர்த்தி நேசராசாவைத் தெரிவுசெய்தார்கள். மற்றப் பகுதியினர் லாச்சப்பலுக்கு வந்து, ஒரு உணவகத்தின் மேல்மாடியில் கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் கை தட்டிக் கனகலிங்கத்தைத் தெரிவுசெய்தார்கள்.

"உங்களில் யார் பொருளாளர்?" என்று கேட்டார் மதாம்.

"நான்," என்றார்கள் இருவரும். அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லில் இருவருக்கும் நல்ல உச்சரிப்பு.

பழத்தோல் முழுச்சுருளாக மேசையில் விழுந்தது. "நாங்கள் நீதிமன்றம் அல்ல," என்றார் மதாம். "இரண்டு காகிதம் வந்தால் கணக்கு மூடியிருக்கும். யாரும் கையெழுத்துப் போட முடியாது."

அப்போதுதான் இருவருக்கும் முகம் வெளிறியது. மூன்று கிழமையில் ஒன்றியத்தின் ஆண்டு விழா. சென் தெனியில் பெரிய மண்டபம் எடுத்திருந்தார்கள். மீதிக் காசு வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் மண்டபம் கைமாறிவிடும், ஒரு கல்யாணகாரர் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எட்டு மாதமாக ஞாயிறுதோறும் நடனம் பழகியிருந்தார்கள். உடுப்புத் தைத்தாயிற்று. சலங்கை இந்தியாவிலிருந்து வந்திருந்தது.

"தங்கச்சி, நீங்களாவது இந்த மனுசிக்குச் சொல்லுங்கோ," என்றார் கனகலிங்கம் தமிழில். "என்னைத் தெரியாதோ உங்களுக்கு? ஒன்பது வருசம்."

"தெரியும் அண்ணை. ஆனால் தெரிஞ்சவை எண்டதுக்கு இஞ்சை படிவத்திலை ஒரு பெட்டியும் இல்லை, புள்ளடி போடுறதுக்கு."

நேசராசா தன் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டு, "வடிவாய்ச் சொன்னீங்கள் அக்கா" என்றார். அவருக்கும் பெட்டி இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

அன்று பின்னேரமே தாய்மாரின் தொலைபேசிகள் தொடங்கிவிட்டன. நான் மன்னார், கத்தோலிக்கம். அந்த ஒன்றியத்தின் ஊரில் எனக்குக் காணியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. அதனாலேயே இரண்டு பகுதியும் என்னை நம்பியது. நம்பிக்கையின் பயன், மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு போனது. ஒருத்தி சொன்னாள்: "அக்கா, என்ர மகள் பிரெஞ்சிலைதான் கதைப்பாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் பிரெஞ்சிலைதான் மறுமொழி. எட்டு மாசமாய் அந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் தமிழிலை எண்ணுறாள். தா தெய் தா எண்டு. இதுவும் இல்லையெண்டால் அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

புதன்கிழமை மத்தியானம் சங்கத்தின் யாப்பை எடுத்து வாசித்தேன். பிரெஞ்சில் பன்னிரண்டு பக்கம். வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தேகம் வந்தது. நான்காம் பிரிவு, உறுப்பினர்கள் தங்கள் சொந்த உலோகக் குண்டுகளுடன் வரவேண்டும் என்றது. ஒன்பதாம் பிரிவு, மழை பெய்தால் போட்டி ஒத்திவைக்கப்படும் என்றது. சங்கத்தைப் பதியும்போது யாரோ ஒரு பெத்தாங் கழகத்தின் யாப்பை அப்படியே பிரதியெடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக அந்த ஊர் ஒன்றியம் சட்டப்படி ஒரு குண்டெறிதல் கழகம். ஒருவரும் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துக் கோப்பில் போட்டவள் நான்தான்.

ஆனால் பதினோராம் பிரிவு தெளிவாக இருந்தது. பொருளாளர் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவாக வேண்டும். கை உயர்த்தியதும் செல்லாது, கை தட்டியதும் செல்லாது. மதாமிடம் காட்டினேன். மூன்று முறை வாசித்தார். "அப்படியானால் இரண்டு பேரும் இல்லை," என்றார். பெத்தாங் குண்டுகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. உதட்டோரம் மட்டும் சற்று அசைந்தது.

புதிய தேர்தலுக்குப் பதினைந்து நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கோ இரண்டு நாள். நான் இரண்டு கூட்டக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தேன்.

"என்ன தேடுகிறாய், ஜெசிந்தா?"

"இந்த இரண்டும் எங்கேயாவது ஒத்துப்போகிறதா என்று."

ஒத்துப்போனது. இரண்டிலும் கடைசி வரி ஒன்றேதான். துணைப் பொருளாளர்: திருமதி இராசமலர். இரண்டு பகுதியும் போன வருடக் குறிப்பிலிருந்து பிரதியெடுத்ததால், அவருடைய பெயரில் இருந்த எழுத்துப்பிழைகூட ஒன்றாகவே இருந்தது. பழைய கோப்பைத் தட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முந்திய மாதிரிக் கையெழுத்து அட்டை ஒன்று கிடந்தது. அந்தக் காலத்தில் துணைப் பொருளாளர் நேரில் வரத் தேவையில்லை, அட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. பொருளாளர் இயங்க முடியாதபோது துணைப் பொருளாளர் கையொப்பமிடலாம் என்று யாப்பும் சொன்னது. பெத்தாங் விளையாடுகிறவர்கள் முன்யோசனைக்காரர்கள்.

கோப்பில் இருந்த தொலைபேசி இலக்கம் கணவருடையது. அதற்கு எடுக்க எனக்கு மனமில்லை. இராசமலர் அக்கா லாச்சப்பலில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார் என்று தெரியும், நானே அவரிடம் சட்டைத்துணி வெட்டி வாங்கியிருக்கிறேன். மதாமிடம் சொல்லிவிட்டு நடந்து போனேன். அக்கா ஒரு வாடிக்கைக்காரிக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கழுத்தில் அளவுநாடா.

"அக்கா, நீங்கள் ஒன்பது வருசமாய் உங்கட ஒன்றியத்திலை துணைப் பொருளாளர்," என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

அவர் துணியை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். "ஓம், ஓம். அண்டைக்கு நான் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான். இவர் ஒரு மட்டையைக் கொண்டுவந்து, ஒரு பெம்பிளையின்ர பேரும் வேணுமாம், இதிலை ஒண்டு போடு எண்டார். கையிலை கஞ்சி. துடைச்சுப்போட்டுப் போட்டனான்."

"அந்த ஒண்டுதான் இப்ப மிச்சமாய் நிக்குது அக்கா. மண்டபக் காசு கட்ட உங்களாலை மட்டும்தான் ஏலும்."

"மற்ற ரெண்டு பேராலையும் ஏலாதோ?"

"ஏலாது."

"இவராலை?"

"அவர் ஒண்டுமில்லை அக்கா. உறுப்பினர்."

இராசமலர் அக்கா அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மெதுவாகச் சுற்றினார். "இப்பிடி வருமெண்டு தெரிஞ்சிருந்தா மனுசன் வேறை ஆற்றையும் பேரை எழுதியிருப்பார்," என்றார். "நாளைக்கு எத்தினை மணிக்கு வரோணும்?"

மதாம் மொரோ இரண்டு ஆண்களையும் வரவழைத்து, துணைப் பொருளாளரைத் தாங்கள் ஏற்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். நான் பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக நின்றேன். இருவரும் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். பிறகுதான் விளங்கியது. இராசமலர் அக்காவின் கணவர் கனகலிங்கத்தின் பக்கம். அக்காவின் தம்பி நேசராசாவின் பக்கம். அக்கா தன் ஆள் என்று இருவரும் நம்பினார்கள்.

வியாழக்கிழமை அக்கா வந்தார். நான் காசு அனுப்பும் படிவத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை, மண்டபக்காரரின் விலைச்சீட்டைக் கேட்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். மேசை, நாற்காலி, ஒலியமைப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு வரியில் நின்றார்.

"இது என்ன?"

"கூட்டித் துடைக்கிறதுக்கு, அக்கா."

"நாங்கள்தானே ஒவ்வொரு வருசமும் கூட்டித் துடைச்சிட்டு வாறனாங்கள். விடியமுன்னம் வாளியோடை நிண்டு இடுப்பு முறிஞ்சது ஆருக்கு? பேந்தேன் காசு?"

ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. என் தொலைபேசியிலிருந்தே மண்டபக்காரருக்கு எடுத்தோம். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார். அட்டையில் இருந்ததைவிட நேராக இருந்தது. மதாம் இரண்டையும் ஒத்துப்பார்த்து, "அதே கைதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கஞ்சி இல்லாத கை" என்றார். கதையை நான் சொல்லியிருந்தேன். சங்கத்தின் காசோலைப் புத்தகமும் அன்றே அக்காவின் கைக்கு மாறியது.

விழா நடந்தது. நான் போகவில்லை, நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமையே கனகலிங்கமும் நேசராசாவும் தனித்தனியே புடவைக் கடைக்குப் போய்க் காசோலைப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார்கள். "வங்கிக்காரப் பெம்பிளை ஆரெண்டு சொல்லட்டும், தாறன்" என்று இருவருக்கும் ஒரே பதில். இருவரும் என்னிடம் வந்தார்கள். பதினோராம் பிரிவை வாசித்துக் காட்டினேன். இரகசிய வாக்கெடுப்பு. அதுவரை கணக்கு அக்காவின் கையில்.

ஒரு வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எபினே மண்டபத்தில் கூட்டம் கூடியது. வாக்கு எண்ண என்னை அழைத்தார்கள். மதாமிடம் உத்தரவு கேட்டேன். "போ. சாப்பிடு. எதிலும் கையெழுத்துப் போடாதே," என்றார்.

வாக்குப் பெட்டியில் முதல் பிரச்சினை. கனகலிங்கம் கத்தரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் அவருடைய கடைப்பெயர் இருக்கிறது, அது பிரசாரம் என்றார் நேசராசா. கடைசியில் சமையலறையிலிருந்து மூடியுள்ள ஒரு புதுப் பானை வந்தது. நேசராசா அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார். மூலையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம். வெள்ளைத் தாளில் அவரவர் ஒரு பெயரை எழுதி, மடித்துப் பானையில் போடவேண்டும். அந்த ஊர்க்காரர் அதுவரை கையைத்தான் தூக்கியிருந்தார்கள். தூக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தூக்குவார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண் என் காதுக்குள் கேட்டாள்: "திரைக்குள்ளை இவரும் கூட வருவாரோ?"

"வர ஏலாது. ஒராள் ஒராளாய்த்தான்."

"அது போதும்," என்றாள்.

எழுதத் தொடங்கமுன், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. "இந்த ரெண்டு பேரின்ர பேரைத்தான் எழுதோணுமோ? இராசமலர் அக்கான்ரை எழுதினால் செல்லுமோ?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாப்பைப் பார்த்தேன். சந்தா கட்டிய எந்த உறுப்பினரையும் எழுதலாம் என்று இருந்தது. சொந்தக் குண்டு வைத்திருக்க வேண்டும் என்ற பகுதியை நான் வாசிக்கவில்லை.

இராசமலர் அக்கா வடைத்தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்க வேண்டும். "எழுதிறவை எழுதட்டும்," என்றார் அக்கா. "நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை." தட்டை வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார்.

நான் பானையைத் திறந்து ஒவ்வொன்றாக விரித்து வாசித்தேன். பத்தாவது தாளுக்குள்ளேயே போக்குத் தெரிந்துவிட்டது. இராசமலர், இராசமலர், கனகலிங்கம், இராசமலர், நேசராசா, இராசமலர். முன்வரிசைக் கணவன்மார் தங்கள் மனைவிமாரைப் பார்த்தார்கள். மனைவிமார் பானையைப் பார்த்தார்கள்.

பாதிக்கு மேல் வந்தபோது ஒரு தாளை விரித்தேன். இராசமலர் என்று தமிழில், பெரிய எழுத்தில். கடைசி எழுத்தின் மேலே வரும் குற்று ஒரு சின்ன வட்டம். பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. நாள் முழுவதும் காசோலையும் அட்டையும் ஒத்துப்பார்க்கிறவளுக்கு ஆளை மறந்தாலும் எழுத்து மறக்காது. ஒன்பது வருடமாக அந்தக் கோட்டையும் இரண்டு புள்ளியையும் ஒவ்வொரு காசோலையிலும் பார்த்தவள் நான். பழக்கத்தில் பழைய பொருளாளரின் கை தானாகப் போட்டுவிட்டது. குரலை மாற்றாமல் வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இது பிரெஞ்சுப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரத்தில், படிவத்துப் பெட்டிகளுக்குள் எழுதுவதுபோல. அதிலும் இராசமலர். அப்படி எழுதுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவர் எனக்கு எதிரே, மடியில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தார்.

முடிவை அறிவித்தேன். இராசமலர் அக்கா பெரிய வித்தியாசத்தில் வென்றார். கனகலிங்கத்துக்குப் பதினேழு. நேசராசாவுக்கும் பதினேழு. சபையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. இருவரில் ஒருவர் தன் பெயரைத் தானே எழுதியிருந்தால் மற்றவரை ஒன்றால் முந்தியிருப்பார். அது மூன்று பேருக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் ஆளையாள் பார்க்காமல் இருந்தார்கள். யாப்பு சொன்னபடி சபைக்கு முன்னால் தாள்களைக் கிழித்துக் குப்பைப் பையில் போட்டேன். அக்கா பேச எழுந்து, "அடுத்த கூட்டத்திலை கணக்கை நான் வாசிக்கிறன், எனக்கு வாய் வலிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு வடைத்தட்டைக் கையிலெடுத்தார். அவருடைய கணவர்தான் முதலில் கை தட்டினார். அதை நான் அவருடைய கணக்கில் நல்லதாகவே எழுதிவைத்திருக்கிறேன்.

நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது வாசலில் கனகலிங்கம் காத்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு கதை கேள்விப்பட்டனான். எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிப்போடுவியளாம். மெய்யோ?"

"வங்கியிலை எண்டால் சொல்லுவன் அண்ணை. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை."

"அப்ப?"

"ஞாயிற்றுக்கிழமையிலை நான் கண்ணாடி போடுறேல்லை."

அவர் என் மூக்கில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வியாழக்கிழமை மரக்கறி வந்து இறங்கிற நேரத்திலையும் உந்தச் சங்க வேலைதான், பிள்ளை. விட்டுத் துலைக்கோணும் எண்டு நாலு வருசமாய் ஆசை. ஆனால் அவனிட்டை விடேலாது, பாருங்கோ" என்றார். தலையாட்டினேன். அவர் உள்ளே போனார். தோற்றவருடைய நடையாக அது இல்லை.

எபினே நிலையத்தில் கார் து நோர் ரயிலுக்காக நின்றேன். மேடையின் மறுகோடித் தொங்கலிலிருந்து யாரோ மூச்சு வாங்க ஓடிவந்தார். நேசராசா. பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்தபடி அக்கம்பக்கம் பார்த்தார்.

"அக்கா, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். உந்த எழுத்துகளைப் பற்றி," என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

"கேளுங்கோ தம்பி," என்றேன்.